கொதித்த மரவள்ளி இலை

பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் மரவள்ளி இலை வேகவைக்கும் வாசனை வந்தால் இன்றும் எனக்கு அந்த மத்தியானம் நினைவுக்கு வரும். இப்போது வரிசைக் கடைகள் நிற்கும் சிராங்கூன் சாலையில் அப்போது எங்கள் மாட்டுக் கொட்டகை இருந்தது. அந்த இலையைப் பச்சையாகத் தின்ற எங்கள் கறவைமாடு வாயில் நுரை தள்ளிச் செத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. காய்ச்சலில் விழுந்ததால் கப்பல் விட்டுவிட்டுப் போன காங்கோ நாட்டுக்காரர் ஒருவர் எங்களோடு தங்கியிருந்தார். உடம்பு தேறியதும் அதே இலையைப் பறித்து, எங்கள் உரலில் இடித்து, வேர்க்கடலை அரைத்துப்போட்டு அடுப்பில் ஏற்றினார்.

"வேணாம்ண்ணே, அது விஷம்!" என்று அம்மா கத்தியது அவருக்குப் புரியவில்லை. சின்ன மரப்பெட்டியில் பதித்த இரும்புப் பட்டைகளைக் கட்டைவிரல்களால் மீட்டியபடி அவர் தன் மொழியில் பாட, அந்தக் கிணுகிணுப்பும் பானையின் தளதளப்பும் மத்தியானம் முழுக்க ஓயவேயில்லை. பாட்டு நின்றதும் முதல் கவளத்தை அவரே தின்றுவிட்டு, தட்டை அம்மாவிடம் நீட்டினார்.

நோயில் கிடந்தவர் தன் கையால் ஆக்கியது. மறுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. என்னைப் பின்னால் தள்ளிவிட்டு வாயில் போட்டாள். நுரை வருகிறதா என்று நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மென்றாள். விழுங்கினாள்.

"உப்பு பத்தலை" என்றாள்.

அது மட்டும் அவருக்கு எப்படியோ புரிந்தது. எழுந்துபோய் உப்புச் சாடியை எடுத்துவந்தார்.