எனக்குத் தெரியாமல் நிறுத்திய மெஷின்

என் கணவரின் நெஞ்சில் வைத்திருந்த மெஷின், அவர் சாவதற்கு நாலு மாதம் முன்பே ஷாக் அடிக்காதபடி நிறுத்தப்பட்டிருந்தது. அவருடைய காரியம் முடிந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. சொன்னது என் கூடப்பிறந்த தம்பி.

இடது தோளெலும்புக்குக் கீழே, தோலுக்குள் தீப்பெட்டி போல் மேடிட்டிருக்கும் அது. இதயத் துடிப்பு தாறுமாறானால் ஷாக் அடித்துச் சரிசெய்யும். ஆறு வருடம் அதற்குக் காவல் இருந்தவள் நான். சட்டைப் பையில் போன் வைக்க விடமாட்டேன். கரண்ட் அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் போக வேண்டாம் என்றார்கள். நான் அடுப்பையே பரணில் ஏற்றிவிட்டேன். எனக்கு எதிலும் அரைகுறை ஆகாது.

கடைசி வருடம் இனி மருந்தால் பெரிதாகப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் காலையில், நல்ல நினைவோடு உட்கார்ந்திருக்கும்போதே மெஷின் மூன்று தடவை அடித்தது. ஆளையே தூக்கிப் போட்டது. சாயங்காலம் அவர் கேட்டார்.

"அம்முணி, இதெ நிறுத்திப்போடலாமா? போறப்பவும் இப்படி ஒதெ வாங்கீட்டுத்தான் போகோணுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை விட்டுப் போக அவ்வளவு அவசரமா என்று சண்டை பிடித்தேன். அவர் கையை இழுத்து என் தலையில் வைத்து, நிறுத்த மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். மறுபேச்சில்லாமல் செய்தார்.

அடுத்த வாரமே செக்கப் என்று சொல்லி, தம்பியின் காரில் வாளையார் செக்போஸ்ட் தாண்டிக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நடவுக்கு ஆள் வந்திருந்ததால் நான் போகவில்லை. திரும்பும்போது எனக்குப் பிடித்த ஜாங்கிரி வாங்கி வந்தார். நானும் சந்தோஷமாகத் தின்றேன்.

பிறகு ஒரு மழை நாளில் கேஸ் தீர்ந்துபோனது. கரண்ட் அடுப்பை இறக்கு, ஒன்றும் ஆகாது என்றார். சும்மா இருங்க என்று அதட்டிவிட்டு, கொல்லையில் ஈர விறகை ஊதி ஊதிக் கஞ்சி வைத்தேன். என் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் போனது காலை பத்து மணிக்கு. மூச்சு விட்டு விட்டு வந்தது. என்னையே பார்த்தார். நான் அலறவில்லை. மெஷின் மேல் கையை வைத்து, இதோ அடிக்கும், இதோ அடிக்கும் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை.

மெஷின் கோளாறு என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பிடி பிடிக்கக் கிளம்பியபோதுதான் தம்பி மறித்தான்.

"அக்கா, அங்க போயிச் சண்டெ போடாதீங்க. மாமாவேதான் கையெழுத்துப் போட்டு நிறுத்துனாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டாங்க."

கடைசி மாதங்களில் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வந்துபோன பாலியேட்டிவ் நர்ஸுக்கும் தெரியுமாம். கட்டியவள் எனக்கு மட்டும் தெரியாது.

உதை வாங்காமல் போனார், அது நல்லதுதான் என்று இப்போது எனக்கும் புரிகிறது. சத்தியத்தை மீறியதைக்கூட விட்டுவிடுவேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கடைசி நிமிடத்தில் மெஷினுக்காகக் காத்திருக்காமல் அவரோடு பேசிக்கொண்டிருந்திருப்பேன்.