தென்பக்கத்துப் பாத்திரம்

ஞானசிகாமணி காலமான செய்தியைக் கல்லூரி மலரில் நாலு வரியில் போட்டிருந்தார்கள். வாங்கிய பட்டங்கள், எழுதிய நூல்கள் எல்லாம் இருந்தன. மதுரையை அடுத்த பரவைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலில் அவர் பாத்திரத்தோடு நின்ற ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.

ஞானசிகாமணி என்ற பெயரை வைத்து ஆள் எந்தச் சாதி என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் வெளியூர்ச் சபைகளில் அவரிடம் முதலில் சொந்த ஊரைக் கேட்பார்கள், பிறகு தெருவை. "மதுரைதான், ஆனையூர்" என்பார். பொய்யில்லை, வீடு அங்கேதான் இருந்தது. இறையியல் கல்லூரியில் வேதாகமம் கற்பிக்கிறவரை அதற்குமேல் யாரும் துருவியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் அவருடைய அம்மா முனியாயி இறந்தாள். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்கு நின்றவள். ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயரால் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அவள் போன கோயிலில் திருவிருந்துக்குத் திராட்சை ரசம் குடிக்க எல்லோருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம்தான். வடக்குப் பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் முதலில் குடிப்பார்கள். தெற்கே பாயில் உட்கார்ந்திருக்கும் சேரிக்காரர்கள் அப்புறம். முனியாயியின் முறை வரும்போது உதட்டில் வெள்ளியின் குளிர்ச்சிதான் படும். எப்படிக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது. கடைசிப் படுக்கையில் அதைச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவரைத் தூங்கவிடவில்லை.

அந்த வாரம் ஒரு திருச்சபை இதழுக்குக் கட்டுரை எழுதினார். சினிமா நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பிரசங்கிக்கிறோம். ஆனால் கொட்டகையில் தரை டிக்கெட் எடுத்தவன் பக்கத்தில் இருப்பவன் யாரென்று கேட்பதில்லை, டவுன் பஸ்ஸில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் போகிறோம். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று பவுல் சபைகளுக்கு எழுதியதை டிக்கெட் கிழிக்கிறவன் செய்துகாட்டுகிறான், நாம் வாசித்துக்காட்டுகிறோம் என்று முடித்திருந்தார். பாராட்டி இரண்டு பேர் பேசினார்கள். அதோடு சரி.

பிறகுதான் பரவைக்கு அப்பால் அந்தக் கிராமத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கேயும் வடக்கே பெஞ்சு, தெற்கே பாய்தான். அங்கே போதகராக இருந்த ஐயர் விடுப்பில் இருந்தார். குருப்பட்டம் பெற்றவர் என்பதால் இவர் திருவிருந்து நடத்த வேண்டும். நடத்துகிறவர்தான் பாத்திரத்தில் முதலில் வாய் வைக்க வேண்டும் என்பது முறை.

மனைவி செல்லத்தாய் அங்கியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஊரைக் கேப்பாக. ஆனையூர்னு சொல்லிட்டு வந்துருங்க."

"சோழவந்தான்னு சொன்னா?"

"சேரின்னு தெரிஞ்சா உங்களுக்குப் பின்னாடி ஒருத்தரும் வாய் வைக்க மாட்டாக. மிஞ்சுனதைக் கீழ கொட்டவும் கூடாது. அம்புட்டையும் நீங்கதான் தனியா நின்னு குடிக்கணும்."

அவர் அங்கியை வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

கோயிலின் பக்க அறையில் சபை மூப்பர் பரமானந்தம் காபி கொடுத்து உபசரித்தார். கட்டுரையைப் படித்திருந்தார். "நல்லா எழுதியிருந்தீக. டவுனுக்குச் சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, எதிர்பார்த்ததைக் கேட்டார். "ஐயாவுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?"

"சோழவந்தான்."

"அங்க யாரு வீடு?"

"கொடிக்கால்ல கூலி வேலை பாத்த முனியாயி மகன்."

பரமானந்தம் சிரித்த முகம் மாறாமல் எழுந்தார். காலி டம்ளரைத் திரும்ப வாங்காமல் போய்விட்டார். ஞானசிகாமணி அதை மேசையில் வைத்துவிட்டு அங்கியை மாட்டிக்கொண்டார்.

பிரசங்கம் செய்யும்போதே, சேதி வடக்குப் பெஞ்சுகளில் காதுக்குக் காது போவது தெரிந்தது. எதைப் பேசினோம் என்று பின்னால் அவருக்கே நினைவில்லை. ஜெபம் முடிந்தது. தான் ஒரு வாய் குடித்துவிட்டு, பாத்திரத்தின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டு சபையை அழைத்தார்.

வடக்குப் பக்கம் யாரும் எழவில்லை. அதை அவர் எதிர்பார்த்திருந்தார். தெற்குப் பக்கமும் எழாது என்பதுதான் அவருக்குத் தோன்றாமல் போனது. வடக்கு போகாமல் தெற்கு போனதே கிடையாது. தன் சனம் என்று அவர் நம்பி வந்தவர்கள் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே டீக்கடை ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடியது.

பரமானந்தம் இருந்த இடத்திலிருந்தே தணிந்த குரலில் சொன்னார். "ஆசீர்வாதம் சொல்லி முடிச்சிருங்கய்யா. எல்லாருக்கும் மரியாதை."

முடித்துவிடலாம். ஒரு வாக்கியம்தான். நிறைந்த பாத்திரம் கனத்தது. அவர் பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை.

பாயின் கடைசியிலிருந்து ஒரு கிழவி முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். பரவைச் சந்தையில் காய்கறி விற்கிற மாயக்காள்.

"ஏ மாயக்கா, அவுக இன்னும் போகலையே" என்று பின்னாலிருந்து ஒருத்தி சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அவுகளுக்குத் தாகமில்ல போல. எனக்குச் சந்தைக்கு நேரமாகுது, கத்திரிக்கா வாடுது. குடுக்கிறதா இருந்தா குடுங்கய்யா."

வந்து முழங்கால் போட்டாள். பாத்திரம் உதட்டில் பட்டதும், ஆயுசு முழுக்கப் பழகியபடி அதன் அடியைப் பிடித்து ஒரே தூக்காகக் கவிழ்த்தாள். வழக்கமாக வராத சொட்டைத் தேடிக் கவிழ்க்கிற கை அது. ரசம் மொத்தமாக வந்து விழுந்து மோவாயிலும் கழுத்திலும் வழிந்தது. புரையேறி இருமினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல இம்புட்டா இருக்கும்?" என்றாள்.

அவள் கேட்டது பாய் முழுக்கக் கேட்டது. ஒருவர் எழுந்தார். பின்னால் நாலைந்து பேர். வடக்குப் பக்கத்தார் பக்கவாசல் வழியாகச் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியேறியபோது தெற்கே வரிசை நின்றது. அந்தச் சபை அவரை மறுபடி அழைக்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு யாரிடமும் ஆனையூர் என்று சொல்லவில்லை.

எல்லோரும் போன பின், மிச்சத்தைக் குடித்துவிட வேண்டிய முறைப்படி பாத்திரத்தை எடுத்தார். அண்ணாந்து கவிழ்த்தார். ஒன்றும் வரவில்லை. உதட்டில் வெள்ளியின் குளிர்ச்சி மட்டும் பட்டது. அப்போதுதான், முனியாயியை அடக்கம் செய்த நாளிலும் அழாதவர், பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுதார்.