ஓட்டமும் ஓர் இன்லண்ட் கடிதமும்

எனக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. மனைவி நாகர்கோவிலில் டீச்சர். மாதம் ஒருமுறைதான் சந்திப்பு. போன தடவை, "வயிறு முன்னால வருது, நீங்க பின்னால வாரீய" என்று சொல்லிவிட்டாள். அடுத்த சந்திப்புக்குள் இளைத்துக் காட்டுவதென்று, துறைமுகத்துச் சிமெண்ட் சாலையில் தினமும் வெறுங்காலோடு ஓடினேன்.

பத்தாம் நாள் ஓடி முடித்ததும் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனது. என் ஆயுசு முடிந்தது என்று நானே தீர்ப்பெழுதி, "உடம்புக்குச் சரியில்லை. உன்னை ஒரு தடவை பார்க்கணும்" என்று மனைவிக்கு இன்லண்டில் எழுதித் தபாலில் போட்டேன். அதற்குப் பிறகுதான் டாக்டர் ஞாபகமே வந்தது!

ரத்தமும் சிறுநீரும் சோதித்துவிட்டு டாக்டர் சிரித்தார். "அண்ணாச்சி, கட்டாந்தரையில ஓங்கி மிதிக்க மிதிக்க, உள்ளங்கால்ல சிவப்பணு உடையுது. அந்தச் சாயம்தான் இறங்குது. கொஞ்சநாள் ஓடாதீய, புது அணு ஊறிரும்."

மூன்றாம் நாள் மனைவி லீவு போட்டு, அழுத முகத்தோடு வாசலில் வந்து நின்றாள். அசடு வழிய விஷயத்தைச் சொன்னேன். "நல்லா இருக்கும்போது இப்படி எழுதுனா கை வலிக்குமோ உங்களுக்கு?" என்றாள்.

இப்போது கேன்வாஸ் ஷூ போட்டு, மணலில் மெதுவாக ஓடுகிறேன். வாரம் தவறாமல் ஓர் இன்லண்டும் எழுதுகிறேன்: "உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னைப் பார்க்கணும்."