நடக்காத மூன்றாம் கல்யாணம்

எனக்குக் குழந்தை பிறக்கவில்லை என்று என் கணவருக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பாயசத்துக்கு முந்திரி வறுக்கச் சொன்னார்கள், வறுத்தேன். வந்தவள் என்னைவிட ரொம்பச் சின்னவள். என்னைக் கண்டால் சுவரோரம் ஒதுங்கிப் போவாள். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

சில வருஷங்கள் போயின. அவளுக்கும் குழந்தை இல்லை. எனக்குக் கொடுத்த அதே கஷாயத்தை மாமியார் அவளுக்கும் காய்ச்ச ஆரம்பித்தார். மயிலாப்பூரில் எந்தச் சீமந்தத்துக்குப் போனாலும் எங்கள் இருவருக்கும் குங்குமம் கடைசியில்தான் வரும். ஒரு சீமந்தத்தில் அவள் பந்தியிலிருந்து பாதியில் எழுந்துவிட்டாள். பின்னாலேயே போனேன். கிணற்றடியில் நின்று, "அக்கா, நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்றாள்.

"நீயும் பண்ணலை, நானும் பண்ணலை" என்றேன். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அதை நானே நம்பினேன்.

அதற்கு முன்பே, என்னைப் பரிசோதித்த ஆஸ்பத்திரி லேடி டாக்டர் என் கணவரையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார். வீட்டில் அதைச் சொன்னபோது கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

தை பிறந்ததும் தேனாம்பேட்டையில் ஒரு பெண் பார்த்திருப்பதாக மாமியார் சொன்னார். மறுநாள், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் ஜட்கா பிடித்து அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனோம். பெண் கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவிடம் நாங்கள் யார் என்று சொன்னேன்.

"எங்காத்துல ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கோம், மாமி. ரெண்டு பேருக்கும் குழந்தை இல்லை. மூணாவதா உங்க பொண்ணும் வந்து இந்தப் பழியைச் சுமக்கணுமா?"

அந்த அம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். இரண்டாவதாக ஒருத்தி இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லையாம். "ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிடறோம். உங்க பேர் வெளியில வராது" என்றார்.

"வரட்டும். நான் வந்து சொன்னேன்னே சொல்லுங்கோ. இல்லாட்டா வேற ஜாதகம் தேடுவா."

பெண் வீட்டார் மாமியாருக்கு அப்படியே சொல்லி அனுப்பினார்கள். என் கணவர் கூடத்தில் நின்று, நான் அங்கே போனது நிஜமா என்று கேட்டார். போனேன், இன்னொரு இடம் பார்த்தால் அங்கேயும் போவேன் என்றேன். அவர் முன்னால் வாய் திறந்தே அறியாதவள் சமையலறையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நானும்தான் போனேன்" என்றாள்.

அவர் அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். மாமியார் எங்கள் இருவரிடமும் பேச வெகுநாள் ஆயிற்று. ஆனால் அப்புறம் யாரும் பெண் பார்க்கப் போகவில்லை.