முதல் நாள் போட்ட ஐஸ் டீ

கீழ் வீட்டு அக்கா அன்றைக்கு அந்த டம்ளரை ஏன் கடைசிச் சொட்டு வரை குடித்தார்? ஐந்து வருடமாக இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை. ஃப்ரீசரைத் திறந்து, மேல் தட்டில் ஓரமாகக் கிடக்கும் நீல நிற ஐஸ் டிரேயைப் பார்க்கும்போதெல்லாம் கேள்வி திரும்ப வந்துவிடுகிறது. ஒரு மூலையில் விரிசல் விட்ட சாதாரண பிளாஸ்டிக் டிரே அது. வீடு ஒழிக்கும்போது இரண்டு முறை குப்பைக் கூடையில் போட்டிருக்கிறேன். இரண்டு முறையும் நானே எடுத்துக் கழுவித் திரும்ப உள்ளே வைத்தேன்.

காசிமேட்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில், ராயபுரத்தில், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. அப்போது என் மகளுக்கு ஆறு மாதம். சாத்தாங்காட்டில் ஒரு இரும்பு மொத்த வியாபாரக் கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. விடுப்பு முடிய நான்கு நாள்தான் பாக்கி. என் அம்மா தூத்துக்குடியில் அப்பாவின் கடையை விட்டு வர முடியாது, மாமியார் இல்லை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது. அப்படி முடிவு செய்ததும் நான்தான், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் நான்தான். என் மனதுக்குச் சரி என்று பட்ட ஒரே ஆள் கீழ் வீட்டு அக்கா. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டார். "இனிமே ஒரு எறாவும் வாணாம், ஒரு கொயந்தயும் வாணாம். மூணு ஆம்பளப் புள்ளைங்கள வளத்தாச்சி. நா காலு நீட்டிக்கினு டிவி பாக்கப் போறேன்" என்று மாடிப்படியில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி வைத்திருந்தார். மூன்றாம் மாடிப் பெண் தன் பையனுக்காகப் போய்க் கேட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

வெறுங்கையோடு கேட்கப் பயமாக இருந்தது. ஒரு மதியம் டீ சாப்பிட மேலே வரும்படி அக்காவைக் கூப்பிட்டேன். அந்த மே மாத வெயிலில் சூடாக டீ கொடுப்பதா என்று யோசித்து, போனில் பார்த்த ஐஸ் டீ லாட்டேயைப் போடுவது என்று தீர்மானித்தேன். இரண்டு ஸ்பூன் டீத்தூளை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஏலக்காயோடு கொதிக்கவிட்டு, கறுத்து வந்ததும் வடிகட்டி, சூடு இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்து ஆற வைத்தேன். பாலைக் காய்ச்சி, ஏடு எடுத்து, ஃப்ரிட்ஜில் குளிர வைத்தேன். உயரமான கண்ணாடி டம்ளரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு முதலில் டிக்காஷன், அதன்மேல் ஸ்பூனின் முதுகு வழியாக மெதுவாகப் பால். கொஞ்சம் பாலை ஜாம் பாட்டிலில் ஊற்றிக் கை வலிக்கக் குலுக்கி, அந்த நுரையை மேலே வழித்துப் போட்டேன். அடியில் செம்மண் நிறம், நடுவில் வெள்ளை, அதன்மேல் நுரை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் தாய்ப்பால் கொடுப்பவள் டீ குடித்தால் குழந்தைக்குத் தூக்கம் கெடும் என்று எங்கோ படித்துவிட்டு, ஆறு மாதமாக டீயைத் தொடாமல் இருந்தேன். அன்றும் தொடவில்லை.

அக்கா வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இன்னாம்மே இது, கட்சிக் கொடி மாரி கீது" என்றார். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார், என் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் முழுவதையும் குடித்து, அடியில் கிடந்த ஐஸையும் வாயில் கவிழ்த்துக் கடித்துத் தின்றார். "இத்த மாரி ஒரு டீய நா பொறந்ததுலேந்து குடிச்சதில்ல" என்று சொல்லி மேலுதட்டு நுரையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்க வேண்டியதை வாயால் கேட்க முடியாமல், நான் டைப் செய்து வைத்திருந்த இரண்டு பக்கக் குறிப்பை நீட்டினேன். பால் எந்தச் சூட்டில், தூளி எந்தப் பக்கம், அழுதால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று முப்பத்தோரு குறிப்புகள். அக்கா பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த நா பட்சி முடிக்கறதுக்குள்ள கொயந்த ஸ்கூலுக்கே பூடும்" என்றார். பிறகு, "திங்கக்கெயம எத்தினி மணிக்கு வுடுவ?"

அன்று மாலை என் கணவர் மீதியிருந்த டீயில், டிரேயில் மீந்த ஐஸைப் போட்டுக் குடித்தார். ஒரே வாய்தான். சமையலறைத் தொட்டியில் துப்பிவிட்டு, "இன்னா இது, மீன் கொயம்புல பால ஊத்திட்டியா?" என்று கேட்டார். எங்கள் ஃப்ரீசரில் எப்போதும் மீன்தான். ஞாயிறு விடியற்காலை காசிமேட்டுக்குப் போய் அவர் வாங்கி வருவதெல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த வாரம் சுறா. அதன் பக்கத்தில் மூடியில்லாத நீல டிரே நான்கு நாளாக இருந்திருக்கிறது. ஒரு கட்டியை வாயில் போட்டுப் பார்த்தேன். உறைந்த சுறா புட்டு. கீழே ஓடிப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று நாலு படி இறங்கினேன். கேட்டால் அக்கா மனம் மாறிவிடுவாரோ என்று திரும்ப ஏறினேன்.

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து வீடு வரை ஓடினேன். அக்கா வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தாலாட்டுச் சத்தம். வாசலில் நின்று கேட்டேன். "பதினாறு... பால் குட்ச்சதும் தோள்ல போட்டுத் தட்டணும், பதினேயு... கண்ல தூசி வியுந்தா ஊதக் கூடாது" என்று என் குறிப்பை ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். தூளிக்குள் குழந்தை பதினாறிலேயே தூங்கியிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சத்தம் கேட்டு அக்கா திரும்பி, "தா, நீயே எய்ப்பி வுட்ருவ போலக்கீது, போய் மூஞ்சி கயுவு" என்று விரட்டினார்.

மூடி போட்ட ஐஸ் பெட்டி ஒன்று வாங்கினேன். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்காவுக்கு நல்ல ஐஸில் நல்ல டீ போட்டுக் கொடுத்தேன். இஞ்சி தட்டிப் போட்டுப் பார்த்தேன், டிக்காஷனையே உறைய வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். "நல்லாத்தாங்கீது. ஆனா மொத நாளு குட்த்தியே, அத்த மாரி வல்ல" என்பார். கிண்டலா என்று முகத்தைப் பார்ப்பேன். சிரிப்பு கொஞ்சம்கூட இருக்காது. இருபது வருடம் இறாலுக்கு நடுவில் இருந்தவருக்கு மீன் வாடை தெரியாது என்பது என் கணவரின் கட்சி. அப்படியானால் படியேறும்போதே எந்த வீட்டில் நேற்றைய மீன், எந்த வீட்டில் இன்றைய மீன் என்று அக்கா எப்படிச் சொல்வார்? தெரிந்துதான் குடித்தார் என்றால், நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் குழந்தையை ஏற்றுக்கொண்டாரா? உண்மையிலேயே பிடித்துத்தான் குடித்தாரா? இதில் எது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பேன். தெரியாமலே இருக்கட்டும் என்றும் நினைப்பேன்.

என் மகளுக்கு இப்போது ஐந்து வயது முடிந்து ஆறு பிறக்கப்போகிறது. ஜாம் பாட்டிலைக் குலுக்குவது இப்போது அவள் வேலை. அவளுக்கு டீ கிடையாது, நுரை மட்டும். நுரை மீசையோடு கண்ணாடி முன் போய் நின்று, "பெரிம்மா மாரி கீதா?" என்று கேட்பாள். பெரிம்மா என்றால் கீழ் வீட்டு அக்காதான். அக்காவின் பாஷை அவளுக்கு அப்படியே வந்துவிட்டது; பள்ளியில் டீச்சர் திருத்தும்போது நான் தலையாட்டுவேன், வீட்டுக்கு வந்து திருத்த மாட்டேன். அக்கா போன வருடம் எண்ணூரில் இருக்கும் இரண்டாவது மகன் வீட்டோடு போய்விட்டார். நேற்று போன் செய்தார். அடுத்த மாதம் பிறந்தநாளுக்கு வருகிறாராம். "கேக்கு கீக்குலாம் எனக்கு வாணாம். மொத நாளு குட்த்தியே, அந்த டீய போட்டு வையி. அதே மாரி இர்க்கணும், ஆமா" என்று வைத்துவிட்டார்.

இன்று காலை நீல டிரேயில் தண்ணீர் ஊற்றி, மூடாமல், சுறாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்து நிமிடம் கழித்து எடுத்துக் கொட்டினேன். திரும்ப ஊற்றி வைத்தேன். மூடி போட்ட பெட்டியும் கீழ்த்தட்டில் தயாராக இருக்கிறது. மீன் வாடை ஐஸில் போட்டுக் கொடுத்தால் தெரிந்தே ஒருவருக்குக் கெட்டதைக் கொடுத்தவள் ஆவேன். நல்ல ஐஸில் போட்டால், என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டவருக்கு அதைக் கொடுக்காதவள் ஆவேன். பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. படிப்பவர்களில் அனுபவம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்: எந்த டிரேயை எடுக்கட்டும்?