சுடுதண்ணீரில் நனைத்த துண்டு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் கால்சாப் பகுதியில் ஓர் அறையில் இருந்தோம். மகனுக்கு ஒன்பது மாதத்தில் கரப்பன் வந்தது. முழங்கால் மடிப்புகளில் சொறிந்து சொறிந்து இரத்தம் கசியும். களிம்பு பூசினால் இரண்டு நாள் அடங்கும், பிறகு பழையபடிதான். நான் வீட்டுவேலை செய்த வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, தூரத்துக் கடற்கரையில் சுடுதண்ணீர் ஊற்று இருக்கிறது, தன் தங்கை மகனுக்கு அதில்தான் மாறியது என்றார்.

ஒரு கிழமை யோசித்தேன். தண்ணீர் கூடச் சுட்டால்? காற்றில் சளி பிடித்தால்? கணவரோ மறுபேச்சில்லாமல் ஞாயிறு லீவு கேட்டு வந்துவிட்டார். ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக்கடைக் குசினியில் அவருக்கு வேலை; அங்கே ஞாயிறுதான் சனம் நெரியும். பிள்ளை பிறந்தபோதே லீவு எடுக்காதவர். பிள்ளையில் இவ்வளவு பாசமா என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

வளைவொன்றில் பஸ் இறக்கிவிட்டது. முட்செடிகளுக்கிடையே பிள்ளையோடு சறுக்கிச் சறுக்கி இறங்கினேன். கீழே பாறைகளுக்கு நடுவே ஆவி பறக்கும் சிறு குட்டை, அழுகிய முட்டை நாற்றம், கழுத்தளவு நீரில் இரண்டு கிழவிகள்.

பிள்ளையின் உடுப்பைக் கழற்றி, முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தேன். அளவாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் பொறும். நான் முதல் இறங்கிறன்" என்றார் கணவர்.

ஆழம் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். எள்ளு.

நான்கு மாதம் முன்பு திருகோணமலையில் இவருடைய அப்பா, என் மாமா, இறந்தபோது இவருடைய வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ புதுப்பிப்பதற்காகப் பொலிஸ் குவெஸ்தூராவில் கிடந்தது, போக முடியவில்லை. மூத்த மகன். அவர்கள் ஊரில் இறந்தவருக்கான முப்பத்தோராம் நாள் காரியம், அந்தியேட்டி, கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில்தான். யாழ்ப்பாணத்தவளான எனக்கு அந்தியேட்டி என்றால் கீரிமலைக் கடற்கரைதான் நினைவு. சுடுதண்ணீர் ஊற்று என்றதும் அவர் இதைத்தான் நினைத்திருப்பார் என்று மனதில் படவேயில்லை.

சட்டையைக் கழற்றிவிட்டுக் குட்டையில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டித் தெற்கே பார்த்து நின்று, எள்ளும் தண்ணீரும் இறைத்தார்.

"உன் புருஷன் மீனுக்குத் தீன் போடுகிறானா?" என்று ஒரு கிழவி கேட்டாள். பிள்ளை வெற்றுடம்போடு என் தோளில் நடுங்கினான்.

கண் சிவந்து கரையேறினார். அழுகிற மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

"சரி, இனிப் பிள்ளையை இறக்குங்கோ" என்றேன்.

"இதிலையோ? இப்பத்தானே அப்பாவுக்குச் செய்தனான்."

"பிள்ளைக்கெண்டுதானே வந்தனாங்கள்!"

"செத்தவீட்டுக் காரியம் செய்த தண்ணியிலை பச்சைப் பிள்ளையைக் குளிக்க வாக்கிறதோ?"

"அப்ப ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சொன்னா நீர் யோசிச்சு யோசிச்சு வந்திருக்கவே மாட்டீர்."

அது உண்மை என்பதுதான் இன்னும் எரிச்சல். கடைசி பஸ்ஸுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. குட்டை வழிந்து கடலில் விழும் இடத்துக்குப் போய்த் துண்டை நனைத்தேன். ஊற்றில் புதுத்தண்ணீர் வந்துகொண்டுதானே இருக்கும்? ஆனாலும் அதே குட்டைதானே? கேள்வி முடியுமுன்பே பிள்ளையின் கால்களைச் சுற்றிவிட்டேன். அவர் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டினார்.

பஸ்ஸில் முன்சீட்டுக்காரி மூக்கைப் பொத்தினாள்.

"துண்டு மணக்குது" என்றார் மெதுவாக.

"உங்களிலையும்தான் மணக்குது."

பிள்ளை விழித்துத் துண்டுக்குள் கைகளை விட்டுச் சொறியத் தொடங்கினான். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம்.