கருநாக்கு

"யோவ், கண்ண வீட்டுல வெச்சுட்டு வந்தியா? கடைக்கு வாய்யா, பாதி விலைக்குக் கண்ணாடி போட்டுத் தரேன்!"

கத்தி முடிப்பதற்குள் அவர் வாயிலிருந்த கடலைத் துணுக்கு முன்வரிசைக்காரரின் காலரில் விழுந்துவிடும். கத்தியவரே அதைத் தட்டிவிடுவார். மன்னிப்புக் கேட்க மாட்டார். பின்வரிசையிலிருந்து யாராவது, "உங்க முதுகப் பாக்கவா டிக்கெட் வாங்கினோம்?" என்றால், "முதுகு இலவசம்" என்பார்.

கால்பந்து மைதானத்தில் அவருக்குச் சங்கு என்று பெயர். எந்த அணி ஜெயித்தாலும் சரி, அவருடைய ஆட்டம் நடுவரோடு. பன்னிரண்டு வருடமாக ஒரே நடுவர். ஒல்லியான மனிதர், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. மைதானம் சிரிக்கும். கூட வரும் மச்சினன் மட்டும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வான்.

கடை இருப்பது நிஜம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஒன்பதடி அகலம். அங்கே அவர் குரல் வேறு. "நிதானமா பாருங்கம்மா, அவசரமே இல்ல. இது தெளிவா, முன்னது தெளிவா?" பிரேமை மாட்டும்போது யார் கன்னத்திலும் பட்டுவிடக் கூடாதென்று வாரம் இருமுறை நகம் வெட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நடுவர் கடைக்கு வந்தார். கட்டம்போட்ட சட்டையில் சங்குவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. வேலைக்குக் கண் சான்றிதழ் கேட்கிறார்களாம். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை தண்ணீர்பட்ட பாடாகப் படித்தார். சங்கு அவருடைய வலது கண்ணை மூடச் சொன்னார்.

"என் மூக்கையே பாருங்க. விரல் தெரிஞ்சதும் சொல்லுங்க."

விரல் இடப்பக்கத்திலிருந்து மெல்ல வந்தது. காதைத் தாண்டியது. கன்னத்துக்கு நேரே வந்த பிறகுதான் நடுவர் "இப்ப" என்றார். சங்கு மறுபடி சோதித்துப் பார்த்தார். அதே இடம்.

"இடது கண்ணுல ஓரப் பார்வை இல்லீங்க. கண்ணுல அழுத்தம் ஏறியிருக்கலாம். டாக்டர்கிட்ட இன்னிக்கே காட்டணும்."

வந்தவர் கண்ணிலிருந்து கையை எடுத்தார். "கடைக்கு வாய்யா, வாய்யான்னு கூப்பிட்டீங்களே, வந்துட்டேன்."

சங்குவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"பன்னெண்டு வருஷமா வாயால சொன்னீங்க, பொறுத்துக்கிட்டேன். எழுத்துல மட்டும் குடுத்துடாதீங்க. சான்றிதழ் கேட்டதே நடுவர் சங்கம்தான். விசில் போச்சுன்னா எனக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இல்ல."

"எழுதலன்னா நீங்க டாக்டர்கிட்ட போக மாட்டீங்க. அடுத்து வலது கண்ணும் போயிடும்."

உள்ளதை உள்ளபடி எழுதினார். நடுவர் அதைப் படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வீட்டில் அவர் நடந்ததைச் சொல்ல, மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "உங்களுக்குக் கருநாக்குங்க. ஒரே வார்த்தைய பன்னெண்டு வருஷம் சொன்னா பலிக்காம என்ன பண்ணும்?" வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவள் அந்தப் பக்கம் போனதும் அவர் குளியலறைக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை. விளக்கைப் போட்டு இன்னொரு முறை பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புது நடுவர். கண்ணெதிரே காலைத் தட்டிவிட்டதற்கு விசில் இல்லை. நாலு வரிசை சங்குவைத் திரும்பிப் பார்த்தது.

"என்ன மச்சான், ஊதுங்க! எல்லாரும் காத்திருக்காங்க" என்றான் மச்சினன்.

"தொண்டை கட்டியிருக்குடா."

"உங்களுக்கா? தொண்டைக்கே தொண்டை கட்டுமா?"

இடைவேளை முடிந்தபோது பழைய நடுவர் டிக்கெட்டும் கையுமாகப் படியேறி வந்தார். டாக்டரிடம் போயிருக்க வேண்டும். சட்டைப் பையில் சொட்டு மருந்துச் சீசா தெரிந்தது. மச்சினன் பதறி எழுந்து, "இங்க உக்காருங்க சார்" என்று இடம் விட்டான். மைதானத்துக்கு நேர் நடுவில், எல்லாரும் ஆசைப்படும் இடம். நடுவர் உட்கார்ந்தார். சங்குவின் பக்கம் திரும்பவில்லை. பந்து இடப்பக்கம் போகும்போதெல்லாம் கழுத்தை வெடுக்கென்று திருப்பித் தேடினார். ஒருமுறை அவர் திரும்புவதற்குள் கோல் விழுந்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் கத்திய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

சங்கு எழுந்தார். நாலைந்து பேர் காலை மிதித்துக்கொண்டு, நடுவரின் மணிக்கட்டைப் பிடித்து, வரிசையின் இடது கோடிக்கு அழைத்துப் போய், மைதானம் முழுவதும் அவருக்கு வலப்பக்கத்தில் இருக்கும்படி உட்கார வைத்தார்.